பெண்வழி வளவுகளில் வெளிநாட்டுப் பணம்

நகரமொன்றில் வருமானம் உயரும்போது வசதி படைத்த புதியவர்கள் வந்து குடியேற, பழைய குடியினர் ஓரங்களுக்குத் தள்ளப்படுவர் என்பது நகரவியல் நூல்கள் அடிக்கடி எடுத்துரைக்கும் போக்காகும். இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர நகரான அக்கரைப்பற்றின் முஸ்லிம் குறிச்சிகளில் இப்போக்கைத் தேடினால் எளிதில் அகப்படாது. வருமானத்தின் ஊற்றுக்கண் வயலிலிருந்து வெளிநாட்டுக்கு நகர்ந்து, கிடுகு வேய்ந்த வீடுகள் இருந்த இடத்தில் மாடிகள் எழுந்துள்ள போதிலும், ஒரு வளவில், அதாவது வேலியோ மதிலோ சூழ்ந்த குடியிருப்பு நிலத்தில், இன்றும் அக்கா தங்கையரும் அவர்தம் பெண்மக்களுமே பெரும்பாலும் அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

இதன் காரணம் திருமண வழமையில் உள்ளது. மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதும், அவ்வீட்டைப் பெற்றோர் மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதும் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான நடைமுறைகளாகும். 1969 முதல் 1971 வரை அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில், தாய்வழியாகத் தொடரும் ‘குடி’ என்னும் வம்சப் பிரிவுகளோடு சேர்த்து இவ்வழமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி மகளின் பங்கு மகனின் பங்கில் பாதியே. ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே உறுதி எழுதி மகளுக்கு அளித்துவிட்ட வீடு, வாரிசுப் பங்கீட்டுக்குள் வருவதே இல்லை. நோட்டாரிசின் உதவியோடு மார்க்கத்தையும் வழமையையும் ஒரே கூரையின்கீழ் வாழவைத்த ஏற்பாடு இது.

முன்னாளில் இவ்வீடுகளைக் கட்டியது நெல். பெருநிலம் வைத்திருந்த போடியார், அவருக்காக வயற்செய்கையைப் பொறுப்பேற்று நடத்திய முல்லைக்காரர், நாட்கூலிகள் என்ற படிநிலை ஊரின் வரவுசெலவையே தீர்மானித்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தை விரித்ததோடு, உட்பகுதியில் சிங்களக் குடியேற்றங்களையும் உருவாக்கி, கரையோர ஊர்கள் மேற்கே பரவும் வாய்ப்பைச் சுருக்கியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தொலைவயல்களுக்குச் செல்வதே உயிராபத்தானதால் நெல்லை நம்பியிருந்தோரின் கை மேலும் தளர்ந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் திறந்த மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு, போடியாரின் தயவு தேவைப்படாத முதலாவது பெரும் வருமானமாக இவ்வூருக்கு வந்தது. 1985இல் அரசு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. ஆண்கள் சாரதிகளாகவும் கட்டடத் தொழிலாளராகவும், வறிய குடும்பப் பெண்கள் வீட்டுப் பணியாளராகவும் சென்றனர். ஆசிரியப் பணியும், அருகிலுள்ள ஒலுவிலில் 1996இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் மாதச் சம்பளக்காரரின் தொகையைப் பெருக்கின.

ஆயினும் இப்பணம் சென்று சேரும் இடத்தைச் சீதன வழமையே இன்றும் தீர்மானிக்கிறது. கட்டாரில் உழைக்கும் இளைஞன் முதலில் கட்டுவது தங்கையின் வீட்டை. தான் வாழப்போவதோ மற்றொருவரின் தங்கைக்காகக் கட்டப்படும் வீட்டில். இவ்வாறு ஆண்களின் உழைப்பு பெண்களின் பெயரிலுள்ள சுவர்களாக மாறுகிறது. இது பெண்ணுக்கு அரிய பாதுகாப்பு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு மேலாகக் ‘கைக்கூலி’ எனப்படும் பணமும் மணமகனுக்குக் கேட்கப்படுகையில், அதே வழமை பெண்வீட்டார்மேல் ஏற்றப்படும் கடனாகிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமே கைக்கூலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் அளவுக்கு அது வேரூன்றியது. மார்க்கச் சீர்திருத்தவாதிகளின் கண்டனம் அதனை இன்னும் முற்றாக அகற்றவில்லை.

நிலமோ வளராது. ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் ஏறத்தாழ 272 சதுர அடி. நாற்பது பேர்ச் வளவு நான்கு மகள்மாருக்குப் பிரிந்தால் தலைக்குப் பத்து. அடுத்த தலைமுறையில் அதுவும் பாதியாகக் குறுகலாம். வசதியுள்ளோர் மாடிமேல் மாடி எழுப்பி மகள்மாரை மேலே குடியமர்த்துகின்றனர். வெளிநாட்டில் உழைக்கும் ஆண்பிள்ளை இல்லாது, பெண்மக்கள் மட்டும் உள்ள கூலிக் குடும்பங்களுக்கு அவ்வழி இல்லை. ஆகவே நகர்மயமாதலின் ஏற்றத்தாழ்வை இங்கே தெருவுக்குத் தெரு அளப்பதைவிட, ஒரே வளவில் தமக்கையின் மாடிக்கும் தங்கையின் பூசாத சுவருக்கும் இடையே அளப்பதே உண்மைக்கு அருகில் நிற்கும்.

2021–22 பொருளாதார நெருக்கடி இவ்விடைவெளியை அகலமாக்கியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல் விளைச்சல் வீழ்ந்தது. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட, வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்ட பணம் ரூபாய்க் கணக்கில் பெருகியது. அரசாங்கச் சம்பளமும் நாட்கூலியும் சீமெந்து விலையைத் துரத்தமுடியாமல் பின்தங்கின. ஒரே ஆண்டில் ஆசிரியரின் வீட்டு வேலை தளமட்டத்தில் நின்றுபோக, அடுத்த வளவில் டொலர்க்காரரின் கூரை எழுந்ததற்கு இருவரின் திறமையில் காரணம் தேடுவது வீண்.

2011இல் மாநகர சபையாக உயர்ந்த இந்நகருக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். வயல் நிலத்தை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும். ஆனால் மகளின் திருமணத்தை முன்னிட்டுக் கிறவல் கொட்டி நிரப்பும் தகப்பனுக்கு, அவ்வனுமதிக்காகக் காத்திருப்பதைவிட மாப்பிள்ளை வீட்டாரின் தவணையே பெரிதாகத் தெரிகிறது.