கறவைப் பசுவின் உடற்சமநிலையும் பாற்காய்ச்சலும்

மலைநாட்டுத் தோட்டங்களில் பசு வளர்ப்போருக்கான விளக்கம்

நுவரெலியா, அற்றன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் லயங்களை அடுத்துச் சிறு தொழுவம் அமைத்து, ஒன்றிரண்டு கறவைப் பசுக்களைப் பேணிவரும் குடும்பங்கள் பல உள. கொழுந்து குறைந்து, வேலை நாட்களும் குறையும் மாதங்களில் இக்குடும்பங்களைத் தாங்கி நிற்பது பால் வருவாயேயாகும். அத்தகைய பசுவொன்று கன்றீன்ற மறுநாளே படுத்து, எழ மாட்டாது, விடியுமுன் மாண்டு போவதுண்டு. முதல் நாள் வரை நோயின் அறிகுறி சிறிதும் இல்லாதிருந்தமையால், கண்ணூறு என்றும் விடக்கடி என்றும் கருதப்படுகின்றது. பெரும்பாலும் அஃது உரிய வேளையில் மருத்துவம் செய்தால் தீரக்கூடிய பாற்காய்ச்சல் என்னும் நோயே. உடலின் உட்சமநிலை குலைவதால் உண்டாவது இந்நோய்.

உட்சமநிலை என்பது யாது?

தை மாதத்தில் நுவரெலியாவில் புல்மேல் உறைபனி படியும் விடியற்காலையிலும், அற்றனில் வெயில் எறிக்கும் நண்பகலிலும் நலமுள்ள பசுவின் உடல்வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை செல்சியசாகவே இருக்கும். புறத்தே நிகழும் மாற்றம் அகத்தைத் தாக்காவண்ணம் உடல் தன்னைத்தானே சீர்செய்து கொள்வதே இதற்குக் காரணம். குருதியிலுள்ள வெல்லம், நீர், உப்புக்கள் ஆகியனவும் இவ்வாறே ஓர் எல்லைக்குள் நிறுத்தப்படுகின்றன. இதனை உயிரியலார் ஒருசீர்த்திடநிலை என்பர்.

குருதியிலுள்ள கல்சியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கல்சியம் எலும்புக்கு மட்டும் உரியதன்று. தசை சுருங்குவதற்கும், நரம்பு தொழிற்படுவதற்கும், இதயம் துடிப்பதற்கும் அது இன்றியமையாதது. நலமுள்ள பசுவின் குருதிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 9 முதல் 10 மில்லிகிராம் கல்சியம் உண்டு. இவ்வளவு சிறிது குறைந்தாலும், கழுத்தில் கேடயச் சுரப்பியை அடுத்துள்ள சிறு சுரப்பிகள் அதனை உணர்ந்து ஓர் ஓமோனைச் சுரக்கின்றன. அந்த ஓமோன் எலும்பிலுள்ள கல்சியத்தைக் குருதிக்கு விடுவிக்கின்றது. சிறுநீருடன் வீணாகும் கல்சியத்தைக் குறைக்கின்றது. சிறுநீரகத்தில் விற்றமின் டீயைச் செயலுறும் வடிவாக மாற்றி, குடல் உணவிலிருந்து கூடுதலான கல்சியத்தை உறிஞ்சுமாறு செய்கின்றது.

சமநிலை குலையும் விதம்

ஐரோப்பிய இனப் பசுவொன்றின் குருதிநீரில் ஒரு வேளையில் உள்ள கல்சியம் முழுவதும் சேர்ந்தால் ஏறக்குறைய 3 கிராம் மட்டுமே. 10 லீற்றர் சீம்பாலிலோ 20 கிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. எனவே, கன்றீன்ற அன்று மடிக்குள் இறங்கும் கல்சியம் குருதியில் உள்ளதைப்போல் பல மடங்காகும். எலும்புகளில் கல்சியம் கிலோகிராம் கணக்கில் இருப்பினும் அஃது உடனே கைக்கு எட்டுவதில்லை. குடல் முழுமையாகத் தொழிற்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நாளும், எலும்பு தொழிற்படுவதற்கு இரண்டு நாட்களும் செல்லும். இடைப்பட்ட வேளையில் குருதிக் கல்சியம் பாதியளவுக்கும் கீழே வீழ்ந்துவிட்டால் பசுவும் வீழ்கின்றது.

மலைநாட்டின் குளிர்ச்சி பிறீசியன், அயர்சயர், ஜேர்சி இனங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் உகந்தது. மிகுந்த பால் தரும் இவ்வினங்களே இந்நோய்க்கு எளிதில் இலக்காகின்றன. அவற்றுள்ளும் ஜேர்சி இனத்திலும், மூன்றாம் ஈற்றுக்குப் பிற்பட்ட பசுக்களிலும் இது மிகுதி. சிறிதளவே பால் தரும் நாட்டுப் பசுக்களில் இந்நோய் அரிது.

அறிகுறிகள்

பெரும்பாலும் கன்றீன்ற மூன்று நாட்களுக்குள் நோய் தோன்றும். முதலிற் பசு நிலைகொள்ளாது, தீனியை வெறுத்து, தசை துடிக்க, பின்கால்கள் தடுமாற நிற்கும். அடுத்து நெஞ்சை நிலத்தில் ஊன்றிப் படுத்து, தலையை விலாப்புறம் மடித்து வைத்துக்கொள்ளும். மூக்கு நுனி உலரும், காதுகள் சில்லிடும், சாணமும் சிறுநீரும் தடைப்படும். இறுதியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, வயிறு ஊதி, உணர்விழந்து இறக்கும். பெயரிற் காய்ச்சல் என்றிருப்பினும் உடல்வெப்பம் ஏறுவதில்லை, குறைவதே வழக்கம். ஆதலால், உடல் சுடவில்லை, நோயில்லை என்று காத்திருத்தல் பெருந்தவறாகும்.

மருத்துவம்

முற்காலத்தில் ஐரோப்பாவில் இந்நோயுற்ற பசுக்களிற் பெரும்பாலானவை மாண்டன. 1897ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு மிருக வைத்தியர் சிமித் என்பார் மடிக்குள் மருந்து நீர் செலுத்திப் பல பசுக்களைப் பிழைக்க வைத்தார். பின்னர் மடிக்குள் வெறுங்காற்றைச் செலுத்துவதே போதுமென்று கண்டனர். மடி விம்மியதும் பால் சுரப்பது நின்று, கல்சியம் குருதியிலேயே தங்கியதுதான் அதன் காரணம். குருதியிற் கல்சியம் குறைவதே நோயின் மூலம் என்பது 1925ஆம் ஆண்டில் தெளிவாயிற்று. இன்று மிருக வைத்தியர் கல்சியம் போரோகுளுக்கோனேற்றுக் கரைசலை நாளத்தில் மெல்ல மெல்லச் செலுத்துவர். சிறிது நேரத்திற் பசு ஏப்பமிட்டு, சாணமிட்டு, மூக்கு நுனி ஈரமாகி எழுந்து நிற்கும். இம்மருந்தை விரைந்து செலுத்தினால் இதயமே நின்றுவிடும். ஆகவே, பயிலாதவர் இதனைச் செய்தல் கூடாது.

வைத்தியர் வரும்வரை செய்யவேண்டியன:

1. பசுவை நெஞ்சின்மேல் நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் அல்லது காய்ந்த மானாப்புல் அடைத்த சாக்குகளை அண்டை கொடுக்கவும். சரிவான நிலமாயின் தலைப்பக்கம் மேட்டை நோக்கியிருத்தல் வேண்டும்.

2. வாய்வழியாகக் கஞ்சியோ, எண்ணெயோ, மருந்தோ புகட்டலாகாது. விழுங்கும் ஆற்றல் குன்றியிருப்பதால் அது நுரையீரலுக்குட் சென்று உயிருக்கு இறுதியாகும்.

3. வழுக்கும் சீமெந்துத் தளத்தில் பசுவை அடித்தோ இழுத்தோ எழுப்ப முயலற்க. சில மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும். நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தொடைத்தசையும் நரம்பும் நசுங்கிவிடும். பின்னர்க் கல்சியம் ஏற்றினாலும் பசு எழாது.

எழுந்த பசு ஒன்றிரண்டு நாட்களில் மீண்டும் படுத்துவிடுவதும் உண்டு. ஆதலின் தொடர்ந்து கண்காணித்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

சினைப்பசுவுக்குப் பால் வற்றிய காலத்தில் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் நோய் வாராது என்று பலர் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. உணவிற் கல்சியம் தாராளமாகக் கிடைக்கும்போது சுரப்பிகளும் எலும்பும் வேலையின்றிச் சோம்பிக் கிடக்கின்றன. ஈன்றவுடன் அவற்றால் விரைந்து எழ இயலாது. ஆகவே, ஈனுவதற்கு முந்திய மூன்று நான்கு வாரங்களில் கல்சியம் மிகுந்த தாதுத் தூளையும், கிளிரிசிடியா, முள்முருங்கை போன்ற அவரையினத் தழைகளையும் குறைத்து, புல்லையே முதன்மைத் தீனியாக்குக. தொழுவக் கழிவு பாயும் இடத்திலும், மிகுந்த உரமிட்ட காய்கறிப் பாத்தி ஓரத்திலும் வளர்ந்த புல்லில் பொற்றாசியம் மிகுதி. அது குருதியின் காரத்தன்மையை உயர்த்தி ஓமோனின் ஆற்றலை மழுங்கச் செய்யும். மக்னீசியம் உட்செல்வதையும் தடுக்கும். அத்தகைய புல்லை இக்காலத்தில் தவிர்த்தல் நலம். பசுவை மிகக் கொழுக்கவும் விடலாகாது.

ஈன்ற பின்னர்க் கல்சியம் தாராளமாகத் தேவை. அன்று கன்றுக்கு வேண்டிய சீம்பாலை முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஊட்டுக. காய்ச்சி உண்பதற்கும் அயலாருக்குப் பகிர்வதற்குமாக மடியை ஒட்டக் கறத்தலை முதல் இரண்டு நாட்கள் தவிர்க்கவும். முந்திய ஈற்றில் இந்நோய் கண்ட பசுவாயின், ஈனும் நாளுக்கு முன்பே மிருக வைத்தியருக்கு அறிவித்து வைக்கவும்.

தோட்டத்திலிருந்து நகருக்குச் செல்லும் பாதை நீண்டது. இரவில் வாகனம் கிடைத்தல் அரிது. ஈன்ற பசுவின் காதைத் தொட்டுப் பார்த்தும், நடையைக் கவனித்தும் முதல் மூன்று இரவுகள் விழிப்பாயிருப்போர் பசுவை இழப்பது அரிது.