எண்ணில் ஏறிய உற்பத்தித் திறன்

“உற்பத்தித் திறன் உயர்ந்தது” என்று எங்கேனும் படித்தால், தொழிலாளர் முன்னினும் திறமையாக உழைத்தனர் என்றே நான் பொருள் கொண்டு வந்தேன். சென்ற பருவத் தேர்விலும் அவ்வாறே எழுதினேன். அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பற்றிப் படித்த பின்னரே என் கருத்து எத்துணை அரைகுறையானது என்பது விளங்கிற்று.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஓர் ஆலையில் 100 பேர் ஆண்டுக்கு 1,000 இயந்திரங்கள் செய்கின்றனர், ஆளுக்கு 10. பாகங்கள் செய்துவந்த 50 பேரை நீக்கிவிட்டு, அப்பாகங்களைச் சீனாவிலிருந்து ஆலை வரவழைக்கிறது. இப்போது ஆளுக்கு 20! எவருடைய கையும் வேகமாக இயங்கவில்லை. வேலை கடல் கடந்து போயிற்று, அவ்வளவே.

இத்தவற்றைத் தவிர்க்கவே, வாங்கிய பாகங்களின் மதிப்பைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. உள்நாட்டில் 10 டாலருக்கு வாங்கிய பாகத்தை வேறோர் ஆலை அயல்நாட்டில் 6 டாலருக்கு வாங்குகிறது எனக் கொள்வோம். இறக்குமதிப் பாகத்தைப் புதிய பொருளாகக் கருதும் விலைக் குறியீட்டெண், இந்த விலை இறக்கத்தைப் பதிவு செய்வதில்லை. 100 பாகங்களின் செலவு 1,000 டாலரிலிருந்து 600 டாலராகிறது. விலை மாறவில்லை என நம்பும் கணக்கு, பாகங்களே 60 ஆகக் குறைந்தன என்கிறது. குறைந்த பாகங்களைக் கொண்டு அதே உற்பத்தி! திறன் பெருகியதாகத் தோற்றம்.

சூசன் ஹவுஸ்மன் முதலிய நான்கு பொருளியல் அறிஞர்கள் 2011இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். 1997 முதல் 2007 வரை அமெரிக்கத் தொழில்துறையின் உற்பத்தித் திறன் வளர்ச்சி, ஆண்டுக்கு 0.1 முதல் 0.2 சதவீதப் புள்ளி வரை மிகையாகக் காட்டப்பட்டது என்பது அவர்கள் மதிப்பீடு.

அயல்நாட்டு உற்பத்தியால் பயனே இல்லை என்பது என் வாதமன்று. செலவு குறையும், நிறுவனம் வடிவமைப்பிலும் ஆராய்ச்சியிலும் கருத்தைச் செலுத்தலாம். ஆயினும் செலவுக் குறைவு வேறு, உழைப்பின் திறன் வேறு.

2000இல் அமெரிக்க ஆலைகளில் ஏறக்குறைய 1 கோடியே 73 லட்சம் பேர் வேலை பார்த்தனர். 2010இல் 1 கோடியே 15 லட்சம் பேரே எஞ்சினர். திறன் வளர்ந்ததால் ஆட்கள் தேவைப்படவில்லை என்று பலர் விளக்கம் கூறினர். வேலை இழந்தவனுக்குக் கூறப்பட்ட அவ்விளக்கத்தில் ஒரு பங்கு வெறுங்கணக்கே.

இனி இக்கேள்வி தேர்வில் வந்தால், “யார் செய்த வேலை எங்கே போயிற்று?” என்று கேட்ட பின்னரே விடை எழுதுவேன்.