ஒரே பந்து, 652 சேவ்: மரியானோ ரிவேராவின் கதை

கடைசி ஓவர், எட்டு ரன் வேணும். கேப்டன் பந்தை யார் கையில் கொடுக்கப் போறார்னு ஹாஸ்டல் டிவி ரூமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். நமக்கு இது பழகின காட்சி. ஆனா நம்ம டெத் ஓவர் பவுலர் ஏற்கெனவே ரெண்டு மூணு ஓவர் போட்டிருப்பார், பவுண்டரியில ஃபீல்டிங்கும் பண்ணியிருப்பார். பேஸ்பாலில் இந்தக் கடைசி நேர வேலைக்குன்னே தனியா ஒரு ஆளை வச்சிருக்காங்க. ஆட்டம் தொடங்கி ரெண்டு, ரெண்டரை மணி நேரம் அவர் மைதானத்தின் ஓரத்தில் 'புல்பென்' என்ற அடைப்புக்குள்ளே உட்கார்ந்திருப்பார். அணி சின்ன முன்னிலையில் இருந்தால் மட்டும் ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் கூப்பிடுவாங்க. பதினஞ்சு, இருபது பந்து. அவ்வளவுதான் அன்றைய வேலை. இவர்தான் 'குளோசர்'.

முதலில் வீசுபவர் ஸ்டார்ட்டர், அவருக்குப் பிறகு வர்ற எல்லாருமே ரிலீஃப் பிட்சர்கள். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே போன வீரர் அந்த ஆட்டத்தில் திரும்ப உள்ளே வர முடியாது. அதனால யாரை எப்போ இறக்குறதுங்கிறது பயிற்சியாளருக்கு பெரிய தலைவலி. அந்த ரிலீஃப் வரிசையின் கடைசி ஆள்தான் குளோசர்.

இந்த வேலையை 1997-லிருந்து 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகச் செய்தவர் மரியானோ ரிவேரா. பனாமா நாட்டுக்காரர்.

1969 நவம்பரில் பிறந்த ரிவேரா, புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ கிராமத்தில் வளர்ந்தவர். அப்பா மத்தி மீன் பிடிக்கும் படகின் கேப்டன். பையன்கள் விளையாட பால் அட்டைப்பெட்டியை மடிச்சு கையுறை, மரக்கிளையில் பேட், பழைய வலையைச் சுருட்டி டேப் ஒட்டினா பந்து. நம்ம தெருவுல தென்னை மட்டையில் கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுட்டு அப்பாவின் படகில் ஏறினார். 19 வயதில் அந்தப் படகு மூழ்க, உயிர் தப்பினதே பெரிசு.

அப்போ அவர் பிட்சரே இல்லை என்பதுதான் வேடிக்கை. உள்ளூர் அணியில் ஷார்ட்ஸ்டாப், அதாவது ஃபீல்டர். ஒருநாள் அணியின் பிட்சர் செமையா அடி வாங்க, "நான் போடட்டுமா?"ன்னு கேட்டு வீசினார். நல்லா வீசினதைப் பார்த்த நண்பர்கள் யாங்கீஸ் தேர்வாளர்களுக்குத் தகவல் சொல்ல, 1990 பிப்ரவரியில் இரண்டு மூவாயிரம் டாலருக்கு ஒப்பந்தம். அதுவரை வீட்டை விட்டு எங்கேயும் போனதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

அதுக்கப்புறம் கதை சினிமா மாதிரி நேரா மேலே போயிடல. 1992-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அந்த வருஷ முடிவில் லீக்கில் புதிதாகச் சேர்ந்த இரண்டு அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கிக்கலாம்னு விட்டப்போ, யாங்கீஸ் இவரைப் பாதுகாப்புப் பட்டியலில் வைக்கல. புது அணிகளும் எடுக்கல. 1995 மே மாதம் ஸ்டார்ட்டராக முதல் ஆட்டம், அதிலும் தோல்வி. சில வாரத்திலேயே கீழ்மட்ட லீக்குக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. டெட்ராய்ட் அணிக்கு இவரை மாத்திவிடும் பேச்சுகூட ஓடிக்கிட்டிருந்தது. அந்த நேரத்தில் திடீர்னு அவர் பந்தின் வேகம் மணிக்கு 95 மைலுக்கு, அதாவது சுமார் 153 கி.மீ.க்கு ஏறிடுச்சு. பேச்சு அத்தோட நின்னுபோச்சு.

1997-ல் குளோசர் பொறுப்பு கைக்கு வந்தது. ஆரம்பமே சொதப்பல். முதல் ஆறு வாய்ப்பில் மூன்றைக் கோட்டை விட்டார். அதே வருஷம் ஜூன் மாதம், சக வீரர் ராமிரோ மென்டோசாவோட சும்மா பந்து போட்டுப் பிடிச்சு விளையாடும்போது, பந்து கடைசி நேரத்தில் ஒரு பக்கமா நழுவுது. மென்டோசாவால ஒழுங்கா பிடிக்க முடியல. "என்னடா பண்றே?"ன்னு கேட்டா, "நான் ஒண்ணுமே பண்ணலையே!" ரிவேராவும் பயிற்சியாளரும் சில வாரம் இதை ஒரு குறையா நினைச்சு சரிபண்ணப் பார்த்தாங்க. பந்து நேராகவே வரல. கடைசியில் அப்படியே விட்டுட்டாங்க. 'கட்டர்' என்ற அந்தப் பந்தை வைத்துத்தான் அடுத்த பதினாறு வருஷம் ஓடியது.

சரி, நம்ம டிபார்ட்மென்ட் பக்கம் வருவோம். சாதாரண வேகப்பந்தில் பந்து பின்பக்கமா சுழலும். காற்றோடு சேர்ந்து அந்தச் சுழற்சி பந்தை மேல்நோக்கித் தள்ளும். இதுதான் மேக்னஸ் விளைவு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியா பார்த்திருப்பீங்க. கட்டரில் நடுவிரலின் அழுத்தம் கொஞ்சம் ஒருபக்கமா விழுவதால் சுழற்சி அச்சு சற்றே சாயும். அதனால் அந்த விசையின் ஒரு பங்கு பக்கவாட்டில் வேலை செய்யும். வலதுகைக்காரரான ரிவேராவின் பந்து, இடதுகை பேட்டரின் கையை நோக்கி உள்ளே வரும். நம்ம ஊர் லெக் கட்டரும் இதே திசையில்தான் போகும், ஆனா அதுக்குப் பிட்ச் வேணும். இது காற்றிலேயே திரும்புது.

இப்போ ஒரு கணக்கு. வீசும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் தட்டுக்கு 18.44 மீட்டர். கை முன்னால் நீண்டு பந்தை விடுவதால் உண்மையான தூரம் 17 மீட்டருக்கும் குறைவு. 150 கி.மீ. வேகம்னா விநாடிக்கு சுமார் 42 மீட்டர், ஆக மொத்த நேரம் ஏறத்தாழ 0.4 விநாடி. பக்கவாட்டு விசை ஓரளவு மாறாமல் இருக்குன்னு வச்சுக்கிட்டா, விலகல் நேரத்தின் வர்க்கத்தோடு கூடும். அப்படின்னா முதல் 0.2 விநாடியில் மொத்த விலகலில் கால்வாசிதான் நடக்கும். மீதி முக்கால்வாசி பின்பாதியில். பேட்டர் அடிக்கலாமா வேண்டாமான்னு முடிவெடுப்பது அந்த முதல் பாதியில். "கடைசி நொடியில் பந்து உடைஞ்சு போச்சு"ன்னு பேட்டர்கள் புலம்பியதற்குக் காரணம் இந்த வர்க்கம்தான். பேட்டின் தடிமனே அதிகபட்சம் 6.6 செ.மீ. சில அங்குலம் பந்து விலகினாலே கைப்பிடிக்கு அருகில் பட்டு மரம் முறியும். இவர் ஓய்வு பெறும் வருஷம் மின்னசோட்டா அணி உடைஞ்ச பேட்டுகளால் செய்த ஒரு ஆடும் நாற்காலியை இவருக்குப் பரிசாகக் கொடுத்தது!

இனி எண்கள். மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் வந்து, ஒரு இன்னிங்ஸாவது வீசி வெற்றியோடு முடித்தால் ஒரு 'சேவ்' (வேறு சில வழிகளும் உண்டு, இது பொதுவானது). இந்தக் கணக்கு அதிகாரபூர்வமானதே 1969-ல், ரிவேரா பிறந்த வருஷம். அவர் எடுத்தது 652, இன்றும் உலக சாதனை. மூன்று ரன் முன்னிலையைக் காப்பாத்துறது பெரிய விஷயமா, ஒரு ஸ்டார்ட்டர் ஆறேழு வருஷத்தில் வீசுவதை இவர் 19 வருஷத்தில் வீசினாரேன்னு கேட்கிறவங்க உண்டு. நியாயமான கேள்வி, சேவ் என்பது கொஞ்சம் மலிவான கணக்குதான். ஆனா பிளேஆஃப் கணக்கு வேற. வலிமையான அணிகளுக்கு எதிராக 141 இன்னிங்ஸ், அவர் பொறுப்பில் போன ரன் வெறும் 11. நிலவில் நடந்த மனிதர்களே 12 பேர்.

அந்தப் பதினொன்றில் ஒன்று, 2001 நவம்பர் 4. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், அரிசோனாவுக்கு எதிராக. யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் வந்த ரிவேரா மூன்று பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் ஒரு சிங்கிள், அதுக்கப்புறம் ஒரு பன்ட். பந்தை எடுத்த ரிவேராவே இரண்டாவது பேஸுக்குத் தவறாக எறிந்தார். பிறகு ஒரு டபுள், ஆட்டம் 2-2. எல்லா பேஸிலும் ஆள், ஒரே ஒரு அவுட். ரன்னைத் தடுக்க ஃபீல்டர்களை முன்னால் இழுத்தாங்க. லூயிஸ் கோன்சாலஸின் பேட்டில் கட்டர் சரியாகக்கூடப் படல. ஆனா பந்து மெதுவா எழும்பி, முன்னால் வந்து நின்ன ஜீட்டரின் தலைக்கு மேலே போய் புல்லில் விழுந்தது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் லட்டு மாதிரி கேட்ச். கோப்பை போச்சு.

எட்டு நாள் கழித்து நியூயார்க்கிலிருந்து டொமினிக்கன் குடியரசுக்குக் கிளம்பிய விமானம் விழுந்து நொறுங்கி 265 பேர் இறந்தாங்க. யாங்கீஸ் வீரர் என்ரிக்கே வில்சன் அதில் போக வேண்டியவர். அணி ஜெயிச்சிருந்தா ஊர்வலம், விழா எல்லாம் முடிச்சு அந்த விமானத்தில்தான் ஏறியிருப்பார். தோற்றதால் முன்னாடியே ஊருக்குப் போயிட்டார். இது தெரிஞ்சதும், தோற்றதே நல்லதுன்னு ரிவேரா சொன்னார். தோல்விக்கு அவர் சாக்குத் தேடினதா எனக்குத் தோணல. நண்பன் உயிரோட இருக்கானேங்கிற நிம்மதிதான்.

2012 மே மாதம் பயிற்சியின்போது ஓடிப்போய் கேட்ச் பிடிக்கப் பார்த்து முழங்கால் தசைநார் கிழிந்தது. வயது 42. அவர் முதுகிலும் 42தான். ஜாக்கி ராபின்சனின் எண்ணை 1997-ல் எல்லா அணிகளிலும் நிறுத்தினப்போ, ஏற்கெனவே அணிந்திருந்தவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் கடைசி ஆள் இவர். இத்தோட முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைக்க, அடுத்த வருஷம் திரும்ப வந்து 44 சேவ் எடுத்தார். 2019-ல் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் 425 வாக்குக்கு 425. முழு வாக்கும் பெற்ற முதல் வீரர் ஒரு ரிலீஃப் பிட்சர்!

2013 செப்டம்பர் 26, யாங்கீ மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். பிட்சரை வெளியே கூப்பிட வழக்கமாகப் பயிற்சியாளர்தான் போவார். அன்னிக்கு ஜீட்டரும் பெட்டிட்டும் நடந்து போனாங்க, சின்ன வயசுலேர்ந்து கூட ஆடினவங்க. பெட்டிட்டின் தோளில் முகம் புதைச்சு ரிவேரா தேம்பித் தேம்பி அழுதார். ஆட்டம் முடிஞ்ச பிறகு தனியா அந்த மேட்டுக்குத் திரும்பிப் போய், குனிஞ்சு ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிக்கிட்டார். சீசனில் இன்னும் மூன்று ஆட்டம் ஹூஸ்டனில் பாக்கி இருந்தது. அதில் அவர் பந்தைத் தொடவே இல்லை.