“பதிவு தர முடியாது”ன்னு கடிதம் வந்தா? பிரிட்டன் போகும் நர்ஸ்களுக்கான 28 நாள் கணக்கு

போன எபிசோடுல பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போறது பத்திப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் வேற வேற வார்த்தையில திரும்பத் திரும்ப வந்துச்சு: “எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணியாச்சு. கடைசி நேரத்துல பதிவு தர மாட்டோம்னு சொல்லிட்டா என்ன பண்றது?” இன்னைக்கு அதைப் பார்ப்போம். நான் வக்கீல் இல்லை. நான் சொல்றது வழி எப்படிப் போகுதுங்கிறதை மட்டும்தான்.

முதல்ல, முடிவு எடுக்கிறது யாரு? நம்ம ஊர்ல மாநிலத்துக்கு ஒரு நர்சிங் கவுன்சில் இருக்கு. பிரிட்டன்ல நாலு பகுதிக்கும் சேர்த்து ஒண்ணுதான்: நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், சுருக்கமா என்எம்சி. அதோட பதிவேட்டுல பேர் இல்லாம அங்க நர்ஸா வேலை பார்க்க முடியாது. இந்தியாவுல படிச்சவங்க ஆங்கிலத் தகுதியைக் காட்டணும், கம்ப்யூட்டர்ல எழுதுற சிபிடி தேர்வு பாஸ் பண்ணணும், அப்புறம் பிரிட்டன்ல நடக்கிற ஆஸ்கி செய்முறைத் தேர்வும் பாஸ் பண்ணணும். இதுக்கெல்லாம் மேல இன்னொரு நிபந்தனை இருக்கு: உடல்நலமும் நன்னடத்தையும்.

சிக்கல் பெரும்பாலும் அங்கதான் வருது. பரீட்சையில தோத்தா மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. ஆனா பழைய வழக்கு, முந்தைய வேலையில ஒழுங்கு நடவடிக்கை, விண்ணப்பத்துல மறைச்ச தகவல், சான்றிதழ் மேல சந்தேகம், இப்படி ஏதாவது இருந்தா கேள்வி “உங்களுக்கு வேலை தெரியுமா?” இல்லை. “உங்களை நம்பலாமா?”

இதுக்குப் பெரிய உதாரணம் 2023-ல வெளிய வந்துச்சு. நைஜீரியாவுல இபாடன் நகரத்துல இருந்த ஒரு சிபிடி மையத்துல பலபேர் நம்ப முடியாத வேகத்துல தேர்வை முடிச்சிருந்தாங்க. அந்த மையத்தோட முடிவுகளை நம்ப முடியாதுன்னு என்எம்சி சொல்லி, அங்க எழுதினவங்களை மறுபடி எழுதச் சொன்னாங்க. அதுல ஒரு சட்ட நுணுக்கம் இருக்கு, கவனிங்க. ஏற்கனவே பதிவேட்டுல இருக்கிறவர் மோசடி பண்ணிப் பதிவு வாங்கினார்னு சொன்னா, அதை என்எம்சிதான் நிரூபிக்கணும். இன்னும் விண்ணப்பதாரரா இருக்கிறவர் விஷயத்துல பாரம் அப்படியே திரும்பிடும்: “நான் நன்னடத்தை உள்ளவர்”னு அவர்தான் காட்டணும். ஒரே மையம், ஒரே பரீட்சை. ஆனா நிரூபிக்க வேண்டிய ஆள் வேற. மேல்முறையீடு பண்றவங்க முதல்ல மனசுல வாங்க வேண்டியது இதைத்தான். “என் மேல என்ன ஆதாரம் இருக்கு?”ன்னு கேட்டுட்டு உட்கார்ந்தா போதாது.

சரி, மேல்முறையீடு எப்படி? 2001-ஆம் ஆண்டு நர்சிங் அண்ட் மிட்வைஃபரி ஆணையின் 37-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருது. கெடு 28 நாள். கடிதம் கையில கிடைச்ச நாள்ல இருந்து எண்ணாதீங்க, கடிதத்துல இருக்கிற தேதியில இருந்து எண்ணுங்க. அதுதான் பாதுகாப்பு. கட்டணம் கட்டலை, விண்ணப்பத்தை முறைப்படி தரலை, இது மட்டுமே காரணம்னா இந்த வழி கிடையாது. அதைச் சரி பண்ணித் திரும்ப விண்ணப்பிக்கிறதுதான் வழி.

மேல்முறையீட்டுக் கடிதத்துல “எனக்கு அநியாயம் நடந்துடுச்சு, குடும்பம் என்னை நம்பித்தான் இருக்கு”ன்னு எழுதத் தோணும். தோணுறது இயல்புதான். ஆனா குழு பார்க்கிறது, முடிவுக் கடிதத்துல சொன்ன ஒவ்வொரு காரணத்துக்கும் நீங்க என்ன பதில் வெச்சிருக்கீங்கன்னு. காரணங்களை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு ஆவணத்தைச் சேர்க்கப் பாருங்க.

விசாரணைக் குழுவுல நர்சிங் துறையைச் சேர்ந்தவரும் இருப்பார், துறைக்கு வெளிய இருந்து வர்றவரும் இருப்பார். சட்ட ஆலோசனை சொல்ல ஒருத்தர் கூடவே இருப்பார். நீங்க பேசலாம், சாட்சி கொண்டு வரலாம், வக்கீலோ தொழிற்சங்கமோ உங்களுக்காகப் பேசலாம். உங்களையும் கேள்வி கேட்பாங்க. கடைசியில குழு மேல்முறையீட்டைத் தள்ளுபடி பண்ணலாம், ஏத்துக்கலாம், அல்லது மறுபடி பரிசீலிக்கச் சொல்லி அனுப்பலாம்.

எது எடுபடும்? பழைய தப்பு உண்மைன்னா, அது ஏன் நடந்துச்சு, அதுக்கப்புறம் என்ன மாத்திக்கிட்டீங்கன்னு தெளிவாச் சொல்றது. தப்பே பண்ணலைன்னா, சும்மா மறுத்தா போதாது. எப்படித் தயாரானீங்க, மறுதேர்வுல என்ன மார்க், எவ்வளவு நேரம் ஆச்சு, இதுமாதிரி சரிபார்க்கக்கூடிய விஷயம் வேணும். அப்புறம் நற்சான்றுக் கடிதம். “ரொம்ப நல்ல பொண்ணு, கடின உழைப்பாளி”ன்னு பத்து பேர்கிட்ட வாங்குறதைவிட, “இவர் மேல இருக்கிற குற்றச்சாட்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் எழுதுறேன்”னு சொல்ற ஒரு வார்டு மேனேஜர் கடிதத்துக்கு எடை அதிகம்.

இதுக்கு நடுவுல இன்னொரு கடிகாரமும் ஓடும்: விசா. ஸ்பான்சர்ஷிப்ல பிரிட்டன் போய், பதிவு வர்றதுக்கு முன்னாடி உதவியாளர் நிலை வேலையில இருக்கிறவங்களுக்குப் பதிவு மறுக்கப்பட்டா, மருத்துவமனை ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தலாம். அப்படி நிறுத்தினா, வழக்கமா 60 நாள்ல வேற ஸ்பான்சரைத் தேடணும், இல்லைன்னா கிளம்பணும். மேல்முறையீடு போட்டதாலயே விசா தானா நீளாது. அதனால பதிவு விஷயத்துக்கு ஒரு ஆலோசனை, குடியேற்ற விஷயத்துக்குத் தனியா ஒரு ஆலோசனை, ரெண்டையும் முதல் வாரத்துலயே கேளுங்க.

குழுவும் மறுத்துட்டா? 38-ஆவது பிரிவுப்படி இங்கிலாந்து, வேல்ஸ்ல கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். ஸ்காட்லாந்துல ஷெரிஃப் நீதிமன்றம். அதுக்கும் நாள் கணக்கு உண்டு, செலவும் உண்டு. தோத்தா எதிர்த்தரப்பு செலவும் தலையில விழலாம்.

கடைசியா, இன்னும் விண்ணப்பமே போடாதவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், யூனிசன் மாதிரி சங்கத்துல முன்கூட்டியே சேருங்க. பிரச்சினை வந்த பிறகு சேர்ந்தா அந்தப் பிரச்சினைக்கு உதவி கிடைக்கிறது கஷ்டம். ரெண்டு, படிவத்துல கேட்டதை மறைக்காதீங்க. “அதெல்லாம் சொல்ல வேண்டாம்”னு ஏஜென்ட் சொல்லலாம். கீழ கையெழுத்துப் போடுறது நீங்கதான். பழைய சின்ன வழக்கை விளக்கிடலாம், ஆனா அதை மறைச்சதை விளக்குறது ரொம்பக் கஷ்டம்.