பரணில் தூங்கும் படகு என்ஜினுக்கு வீட்டிலேயே உயிர் கொடுக்கலாம்! ஓடினால் மட்டும் போதாது, கரை திரும்பணும்

நாகர்கோவில்:

குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் என கடற்கரை ஊர்களில் வீட்டின் பின்புறம் சாக்கு போட்டு மூடி வைத்த பழைய படகு என்ஜின்களை பார்க்கலாம். அப்பா காலத்தில் வள்ளத்தின் பின்னால் மாட்டி ஓட்டியதாக இருக்கும். இரும்புக்கடையில் எடைக்கு போட்டால் சொற்பக் காசுதான் கிடைக்கும். புது என்ஜின் வாங்கப்போனால் லட்சத்தை தாண்டுகிறது.

அந்தப் பழைய என்ஜினை வீட்டிலேயே சீர் செய்து மறுபடியும் கடலில் இறக்கலாம். பொறுமையும், சரியான சாவிகளும், ஒரு பெரிய டிரம் தண்ணீரும் வேண்டும். ஆனால் "ஸ்டார்ட் ஆயிடுச்சு, அது போதும்" என்று கிளம்புபவர்கள்தான் நடுக்கடலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

100 வருட வரலாறு

படகுக்கு வெளியே மாட்டும் என்ஜினை வியாபார ரீதியில் வெற்றி பெற வைத்தவர் அமெரிக்காவில் குடியேறிய நார்வேக்காரர் ஓலே ஈவின்ரூட். 1909-ல் அவர் கொண்டுவந்த என்ஜினின் சக்தி வெறும் ஒன்றரை குதிரைத்திறன். எடை சுமார் 28 கிலோ.

ஜப்பானின் யமஹா கம்பெனி 1960-ல் தன் முதல் படகு என்ஜினை வெளியிட்டது. குமரி, கேரள கடற்கரையில் 1980-களில் வள்ளங்களில் இந்த என்ஜின்கள் வேகமாக பரவின. துடுப்பும் பாயும் போய் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் காலம் வந்தது.

ஈவின்ரூட் என்ஜின் உற்பத்தி 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய என்ஜின்களுக்கான பல உதிரி பாகங்களை வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன. அதற்கு மாடல் எண் முக்கியம். படகில் மாட்டும் பிடியின் பக்கத்தில் உள்ள தகட்டில் அது இருக்கும். உப்பு படிந்திருந்தால் ஈரத்துணியால் மெதுவாக துடைத்து எண்ணை எழுதி வையுங்கள். எமரி போட்டு தேய்த்தால் எண்ணே அழிந்துவிடும்.

முதலில் கயிறை இழுக்காதீங்க

பல வருடம் சும்மா கிடந்த என்ஜினின் கயிறை வேகமாக இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. உள்ளே பிஸ்டன் வளையங்கள் துரு பிடித்து ஒட்டியிருக்கலாம். வலுக்கட்டாயமாக இழுத்தால் வளையம் உடைந்து சிலிண்டர் கீறிவிடும்.

பிளக்கை கழற்றி, அந்த ஓட்டை வழியாக கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒன்றிரண்டு நாள் விடணும். பிறகு மேலே உள்ள பிளைவீலை கையால் மெதுவாக சுற்றி பார்க்கணும். அசையாவிட்டால் மறுபடியும் ஆயில் ஊற்றி காத்திருப்பதே நல்லது.

சுலபமாக சுற்றினால் கம்பிரஷன் மீட்டர் வைத்து பார்க்க வேண்டும். இரண்டு சிலிண்டர் என்ஜினாக இருந்தால் இரண்டிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கணும். ஒன்றில் ரொம்ப குறைவாக இருந்தால் மேற்கொண்டு காசு செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

உப்புக்காற்றில் கிடந்த போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப் போயிருக்கும். முறுக்கினால் தலை முறிந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு நாள் ஊற விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுப்பதே வழி.

தீப்பொறியும் பெட்ரோலும்

பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி என்ஜின் மேல் படும்படி வைத்து கயிறை இழுத்தால் நீல நிறத்தில் பொறி பறக்கணும். பொறி மஞ்சளாக மங்கலாக வந்தாலோ, வராமலே போனாலோ பிளைவீலுக்கு அடியில் பார்க்க வேண்டும். பக்கத்தில் பெட்ரோல் கேன் இருக்கவே கூடாது.

பிளைவீலை சுத்தியலால் அடித்து கழற்றாதீர்கள். அதற்கென புல்லர் இருக்கிறது. உள்ளே காயில் வெடித்திருந்தால் மாற்றணும். பாயிண்டு கறுத்திருந்தால் சுத்தம் செய்து இடைவெளி வைக்கணும். பல பழைய ஈவின்ரூட், ஜான்சன் என்ஜின்களில் இந்த இடைவெளி சுமார் அரை மில்லி மீட்டர்.

அடுத்தது கார்புரேட்டர். பழைய பெட்ரோல் உள்ளே காய்ந்து பிசின் போல ஆகியிருக்கும். முழுசாக பிரித்து, ஜெட் ஓட்டைகளை கிளீனரால் சுத்தம் செய்து, காற்று அடித்து வெளியே தள்ள வேண்டும். கம்பி விட்டு குத்தினால் ஓட்டை பெரிதாகி கலவை கெட்டுவிடும்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் பதம் பார்க்கும். எனவே எரிபொருள் குழாய்களை புதிதாக மாற்றிவிடுவது நல்லது. ஓட்டாத நாட்களில் பெட்ரோலை உள்ளே விட்டு வைக்கவும் கூடாது.

உயிர்நாடி தண்ணீர் பம்புதான்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பைக் என்ஜினுக்கு காற்று போதும். இந்த என்ஜினை குளிர வைப்பது கடல் தண்ணீர். அதை மேலே ஏற்றுவது கீழ்ப்பகுதியில் இருக்கும் ஒரு சின்ன ரப்பர் சக்கரம். அதற்கு இம்பெல்லர் என்று பெயர்.

பல வருடம் அசையாமல் கிடந்தால் அதன் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்து விறைத்துவிடும். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். கரையில் என்ஜின் ஸ்டார்ட்டும் ஆகும். கடலில் கொஞ்ச தூரம் போனதும் தண்ணீர் ஏறாமல் சூடேறி, பிஸ்டன் இறுகி நின்றுவிடும். அதற்கு பிறகு கயிறை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை.

எனவே பழைய இம்பெல்லரை பார்த்து யோசிக்கவே வேண்டாம். புதுசு போடுங்க. மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவி, என்ஜின் சுற்றும் திசையிலேயே திருப்பி உள்ளே தள்ள வேண்டும். தண்ணீர் ஏறும் குழாய் அதன் ரப்பரில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கணும்.

அதே சமயம் கியர் ஆயிலையும் கவனிக்கணும். கீழ் ஸ்குரூவை கழற்றியதும் பால் போல வெளுத்த ஆயில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது, சீல் போய்விட்டது என்று அர்த்தம். சீல் மாற்றிய பிறகு புது ஆயிலை கீழ் ஓட்டை வழியாக ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் ஆயில் வழிந்தால்தான் உள்ளே காற்று இல்லாமல் நிறைந்ததாக அர்த்தம்.

ஆயில் அளவு

பழைய டூ ஸ்டிரோக் என்ஜின்களில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்தான் உள்பாகங்களை காப்பாற்றுகிறது. 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 25-க்கு 1 என்றால் 40 மில்லி. மிகப்பழைய என்ஜின்களுக்கு அதிக ஆயில் தேவைப்படும். மாடலுக்கு உரிய அளவைத்தான் கலக்கணும்.

மண்எண்ணெயில் ஓடும் என்ஜின் தனி ரகம். அதை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்எண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றணும். பெட்ரோலுக்காகவே செய்த என்ஜினில் மண்எண்ணெய் ஊற்றினால் பிஸ்டன் கெட்டுவிடும்.

டிரம்மில் சோதனை

தண்ணீர் இல்லாமல் ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்யக்கூடாது. பெரிய டிரம்மில் என்ஜினை மாட்டி, விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு மூழ்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். விசிறியை கழற்றி வைப்பது பாதுகாப்பு. புகையில் விஷ வாயு இருப்பதால் வீட்டுக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். சில பழைய மாடல்களில் அந்த ஓட்டை இருக்காது. அப்போது சிலிண்டர் தலையில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டு பார்க்கலாம். 'சுர்' என்று கொதித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதல் பயணம்

சீர் செய்த என்ஜினோடு முதல் நாளே ஆழ்கடலுக்கு போவது ஆபத்து. கரை தெரியும் தூரத்தில், இன்னொரு படகு துணையோடு சில நாள் ஓட்டி பார்க்கணும். விசிறியில் பின் போடும் மாடல் என்றால் உபரி பின் கையில் இருக்கணும். பாறையில் அடித்தால் பின் உடைந்து கியரை காப்பாற்றும். அதற்கு பதில் இரும்பு ஆணி போட்டால் கியரே உடையும்.

பிளக், கயிறு, துடுப்பு, லைப் ஜாக்கெட் படகில் கட்டாயம் வேண்டும். கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம்.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் என்ஜினை ஓட விட்டு உப்பை கழுவிவிடுங்கள். தினமும் இதை செய்தாலே அப்பா ஓட்டிய என்ஜின் பிள்ளைக்கும் சோறு போடும்.