கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடும் ரேன்சம்வேர்: உங்கள் கையில் மாற்றுச் சாவி இருக்கிறதா?

காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறக்கிறீர்கள். பையர் அனுப்பிய ஆர்டர், டையிங் ஜாப் ஒர்க் பில், சனிக்கிழமை சம்பளக் கணக்கு எதுவுமே திறக்கவில்லை. 'பணம் கட்டினால்தான் ஃபைல் கிடைக்கும்' என்று திரையில் மிரட்டல். இதுதான் ரேன்சம்வேர். ஃபைல்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஆனால் சாவி இல்லாமல் படிக்க முடியாது. சில கும்பல்கள் நகல் எடுத்துக்கொண்டு, 'வெளியிட்டுவிடுவோம்' என்றும் மிரட்டும்.

"நம்ம சின்ன நிட்டிங் யூனிட்டுக்கு எவன் வரப் போறான்?" என்று இருந்துவிடாதீர்கள். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. அது ஆள் பார்த்து வரவில்லை. அப்டேட் செய்யாத விண்டோஸைத் தேடி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கி, பல நாட்கள் கையால் எழுதியே வேலை நடந்தது.

எப்படி நுழைகிறது?

• 'புது ஆர்டர்', 'இன்வாய்ஸ்' என்று பையர் பெயரில் வரும் போலி மெயில்
• திருட்டு சாஃப்ட்வேர்
• வெளியிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கத் திறந்துவிட்டு, எளிய பாஸ்வேர்டோடு விட்ட இணைப்பு

என்ன செய்யலாம்?

• விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.
• சந்தேகமான மெயில் என்றால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள நம்பரில் பையரிடம் கேட்ட பிறகே திறங்கள்.
• தினமும் மாலை தனி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து, உடனே கழற்றி வையுங்கள். இதுதான் முக்கியம். கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்த டிஸ்கையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும்.

தாக்குதல் நடந்துவிட்டால்?

நெட் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். திரையைப் போட்டோ எடுங்கள். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். 1930 எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்யுங்கள். நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். இது 2022 முதல் நடைமுறையில் உள்ள விதி. பணம் கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில வகைகளுக்கு 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் இலவசச் சாவி கிடைக்கும்.

இன்றைக்கே உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்: "கடைசியா எப்ப பேக்கப் எடுத்தீங்க? அது சரியா திறக்குதான்னு பார்த்தீங்களா?" பதில் சொல்ல அவர் யோசித்தால், முதல் வேலை அதுதான்.