சுந்தரர் தேவார ஆய்வுகள்

சுந்தரர் தேவார ஆய்வுகள் என்பவை, திருநாவலூரில் பிறந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் பதிகங்களைப் பற்றிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பிற அறிஞர்களும் செய்துள்ள பணிகளாகும். திருநாவலூர், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராகும்.

பின்னணி

சுந்தரரின் 100 பதிகங்கள் ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அவர் பாடியவை 38,000 பதிகங்கள் என்றும், தில்லையில் பூட்டப்பட்டிருந்த ஏடுகளைக் கறையான் அரித்தது போக எஞ்சியவையே இவை என்றும் மரபு கூறுகிறது. ஆகவே, எஞ்சியவற்றைப் பிழையறப் பதிப்பித்தலும் அவற்றுக்குப் பொருள் காணுதலும் முதன்மை பெற்றன.

தமிழ்நாட்டில்

பேராசிரியர் மொ. அ. துரை அரங்கசாமி, சுந்தரர் பாடல்களைச் சிறப்பாக ஆராய்ந்து தேவாரத்தின் சமயமும் தத்துவமும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1958-59 இல் வெளியிட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் க. வெள்ளைவாரணனார் 'பன்னிரு திருமுறை வரலாறு' எழுதினார்.

வெளிநாடுகளில்

அமெரிக்காவின் மவுண்ட் ஹோலியோக் என்னும் சிறிய கல்லூரியின் பேராசிரியர் இந்திரா பீட்டர்சன், தேவார மூவரின் தேர்ந்தெடுத்த பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1989 இல் வெளியிட்டார். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் சுல்மன், சுந்தரர் தேவாரத்தை மொழிபெயர்த்து 1990 இல் நூலாக்கினார்.

புதுச்சேரிப் பதிப்பு

தி. வே. கோபாலையரும் பிரான்சுவா குரோவும் பதிப்பித்த தேவாரத்தைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1984 முதல் 1991 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. இப்பதிப்பைத் தழுவிய மின்தேவாரம் 2007 இல் குறுவட்டாக வெளிவந்தது. வி. மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அதில் இடம்பெற்றுள்ளது.